சுரண்டிய இடம்

துருவைப் படிக்கவென்று ஒருவன் மெட்ராசுக்குப் போகலாம், போனால் சர்க்காரே படியளக்கும் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் மாவிலங்கேந்தலில் பாதிப் பேர் கிளம்பியிருப்போம். எங்கள் ஊரில் துருவுக்குப் பஞ்சமே கிடையாது. கிழக்கே கொஞ்சம் நடந்தால் உப்போடை, அதற்கு அப்பால் கடல். புது மண்வெட்டி வாங்கினால் அடுத்த வெள்ளாமைக்குள் அதற்கு அம்மை போட்டுவிடும். கதவுத் தாழ்ப்பாள், சைக்கிள் கம்பி, கிணற்று உருளை எல்லாம் அக்கம்பக்கத்துக் கண்பட்டதுபோல் தேய்ந்துகொண்டே இருக்கும்.

கூத்தையா மகன் குருநாதன் அதைத்தான் படிக்கப் போனான். டாக்டர் பட்டம் வாங்கும்வரை ஊரில் எல்லோருக்கும் அவன் 'அவன்'தான். அதற்குப் பிறகுதான் 'அவர்' ஆனார். நானும் அந்த வரிசைப்படியே சொல்லிவிடுகிறேன்.

அவன் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தது எழுபத்து நாலில். அதே வருஷம் அவனுடைய அக்காள் சேதுலட்சுமி ஒரு தகரப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ராமேஸ்வரத்தில் கப்பலேறி இலங்கைக்குப் போன புருஷன் அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் தொடங்கிவிட்டான். தாலி கழுத்தில் இருந்தது, கட்டியவன் இல்லை. இப்படி ஒருத்தி தெருவுக்கு வந்தால் மற்றவர்களுக்குப் பொழுது போவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கூத்தையாவுக்கு ஒரே கவலை, தனக்குப் பிறகு இவள் எதைத் தின்பாள் என்று. இருந்தது ஒரு கிணற்றுக்காடு. அதுவும் பங்கு பிரிக்காதது. பாதி அவருடைய அண்ணன் மகன் பூமிநாதனுக்குச் சேர வேண்டும். கூத்தையா கேட்டார், பூமிநாதனும் சம்மதித்தார். ஆனால் கருப்பர் முன்னால் அரிவாள் நட்டுச் சொல்லைக் கட்ட வேண்டும் என்றார்.

உப்போடைக் கருப்பர் கோயிலில் ஒன்றரை முழ உயர அரிவாள்கள் வரிசையாக நிற்கும். கோர்ட்டுப் படியேற மனமில்லாதவர்கள் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே அரிவாள் அடித்து, அதில் ஊரையும் பேரையும் வருஷத்தையும் வெட்டி, பீடத்தில் நட்டுவிடுவார்கள். அது நிற்கும்வரை சொல் நிற்கும். மனுஷக் கை பட்டு அது விழுந்தால் சொல்லுக்குச் சேதமில்லை. கை வைத்தவன் ஈரத்துணியோடு வந்து, கூட்டத்துக்கு முன்னால் ஒப்புக்கொண்டு, அதே கையால் திரும்ப நட வேண்டும். தானாக விழுந்தால்தான் வில்லங்கம். யாருக்காக நட்டதோ அந்த ஆள் நெறி தவறிவிட்டார், கருப்பர் கையை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். எல்லா இரும்பும் ஒரு நாள் விழத்தானே செய்யும் என்று கேட்கத் தோன்றும். எங்கள் பூட்டன் காலத்து அரிவாள்கள் இன்னமும் அசையாமல் நிற்கின்றன.

கூத்தையாவும் பூமிநாதனும் ஆளுக்கொரு கை பிடித்து நட்டார்கள். பூமிநாதன் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"கிணத்துக்காடு சேதுலட்சுமிக்கு. அவ சாகுறமட்டும் நான் எட்டிப் பாக்க மாட்டேன். ஒழுங்கா இருக்கிறமட்டும்."

கடைசி இரண்டு சொற்களை அவர் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார். அடுத்த வருஷம் கூத்தையா நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

சேதுலட்சுமி மிளகாய் போட்டாள். கையில் மண் ஒட்டிய பொம்பளை என்றால் அவள்தான். ஊரில் பாதிக் காடு இலை சுருண்டு நிற்கும்போது அவள் காட்டுக் குண்டு மிளகாய் மட்டும் கோலிக்குண்டு மாதிரி சிவந்து கிடக்கும். அந்தக் காட்டுப் பக்கம் எந்த ஆம்பிளை போகிறான், எவ்வளவு நேரம் நிற்கிறான் என்று ஊரே காவல் காத்தது. கூலியில்லாத காவல். எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து அந்த வரப்பு நன்றாகவே தெரியும் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

டாக்டர் பட்டத்துக்குச் சரக்குத் தேடி எழுபத்தொன்பது பொங்கலுக்குக் குருநாதன் ஊருக்கு வந்தான். கண்ணாடிக் குப்பிகள், பிரஷ், பல்டாக்டர் வைத்திருப்பது போன்ற ஒரு சுரண்டி. நேரே கருப்பர் கோயிலுக்குப் போனான். உப்புக் காற்றில் இந்த அரிவாள்கள் ஏன் இற்று விழவில்லை என்பதுதான் அவனுடைய ஆராய்ச்சியாம். வருஷமும் வெட்டி வைத்திருப்பதால், உலகத்தில் எங்கேயும் கிடைக்காத சோதனைச் சாலை இது என்றான். நாங்கள் அதைக் கோயில் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பூசாரி மூக்கையா கம்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஏலே, கருப்பர் இரும்புல கை வச்சே, கை இருக்காது."

"இரும்பு வேணாம் மாமா. மேல இருக்க துரு மட்டும் போதும்."

"துருவா? துருவ வச்சு என்னலே செய்வ? சட்னி அரைப்பியா?"

சேதுலட்சுமிதான் குறுக்கே வந்தாள். "தம்பி படிப்பு மாமா. பூக்கட்டிப் பாருங்க. கருப்பர் குடுத்தா எடுக்கட்டும், இல்லாட்டிப் போகட்டும்."

வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் கட்டிப் போட்டார்கள். வெள்ளை வந்தது. கருப்பர் துருவைக் கொடுத்துவிட்டார். அவருக்கு அது எதற்கு?

எத்தனையோ அரிவாள் இருக்க, குருநாதன் தன் அய்யா நட்டதையே தேர்ந்தெடுத்தான். நட்ட நாள் தனக்கே தெரியும், கணக்குச் சரியாக வரும் என்றான். பீடத்துக்குச் சற்று மேலே கழுத்து மாதிரி ஒடுங்கிய இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சுற்றிவரச் சுரண்டினான். அடியில் வெள்ளையாய் இரும்பு பல்லைக் காட்டியது. உதிர்ந்த துருவை முந்தானையில் ஏந்திக்கொண்டு நின்ற சேதுலட்சுமி கேட்டாள்:

"ஏலே, இது விழுந்துறாதுல்ல?"

"இரும்பப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தாரியாக்கும்? நான் இருக்கேன்லக்கா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் அதே இடம், அதே அகலம், அதே சுரண்டி.

இன்னொரு பக்கம் அக்காள்மடத்துக் கடற்கரையில் பனங்கழி நட்டு, கயிறு கட்டி, இரும்புத் துண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டான். மீன்காரர்கள் அதற்கு 'இரும்புக் கருவாடு' என்று பேர் வைத்தார்கள். "வாத்தியாரே, கருவாடு காஞ்சிருச்சா? குழம்புக்கு ஒரு துண்டு குடுங்க" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவனும் சிரிப்பான். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பான்.

கருவாடு வீண் போகவில்லை. பட்டம் வந்தது, வேலை வந்தது, மதுரைப் பக்கத்தில் படித்த பெண்ணும் வந்தாள். இனிமேல் அவர். அவர் புத்தகம் ஒன்று போட்டார். கடலோரத்துக் கட்டடங்களில் கம்பி எப்படி இருக்கிறதென்று பார்க்க அதை அறுக்கவோ பெயர்க்கவோ வேண்டாம், இரண்டு விரல் அகலத்துக்குத் துருவைச் சுரண்டிச் சோதித்தாலே போதும், அதனால் இரும்புக்கு எள்ளளவும் கெடுதல் இல்லை என்பது அதன் சாரம். அந்த முறைக்கு அவர் பேரையே வைத்தார்கள். வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் இன்ஜினியர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். கருப்பர் கோயில் துருவுக்கு வந்த வாழ்வு.

எண்பத்தாறு கார்த்திகை மழை விட்ட ஒரு காலை, விளக்குப் போடப் போன மூக்கையா திரும்பி ஓடி வந்தார். கூத்தையா நட்ட அரிவாள் கழுத்தில் முறிந்து, குப்புறக் கிடந்தது.

வெயில் ஏறுவதற்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. சேதுலட்சுமியின் மோட்டாரைச் சரிபண்ண வந்த திருப்பாலைக்குடிக்காரன் இரண்டு தடவை தண்ணீர் வாங்கிக் குடித்தானா இல்லையா? குடித்தான். மோட்டார் ஒரே நாளில் சரியானதா? ஆகவில்லை. பிறகென்ன? அவளைவிடச் சின்னவர்கள்கூட அவளைப் பார்த்ததும் தெருவின் மறுபக்கம் போனார்கள்.

அவள் கலங்கவில்லை. "என் தம்பி வருவான்" என்றாள். "அது எதால விழுந்துச்சுன்னு அவனுக்குத் தெரியாம வேற எவனுக்குத் தெரியும்?" தம்பிக்குப் புது வேட்டி ஒன்று எடுத்து, மஞ்சள் தடவி வைத்துவிட்டாள். ஈரத்துணியோடு நிற்க வேண்டுமே.

குருநாதன் வந்தார். ஊர் முழுக்கக் கோயில் முன்னால் கூடியிருந்தது. அவருக்குச் சென்னையில் பேராசிரியர் பதவிக்கான பேட்டி அந்த மாதக் கடைசியில் இருந்தது. அவருடைய முறையைப் பற்றி வடக்கேயிருந்து ஒருவர் சந்தேகம் கிளப்பி எழுதியிருப்பதாகவும், இவர் அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பதாகவும் அவர் பெண்டாட்டியே என்னிடம் சொன்னாள். படித்தவர்கள் வீட்டு விஷயமும் காபி ஆறுவதற்குள் வந்துவிடும், பக்குவமாகக் கேட்டால்.

அவர் குத்தவைத்து, முறிந்த இரும்பைத் தூக்கி மடியில் வைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் கழுத்தைத் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. அப்புறம் அங்கிருந்து எடுக்கவே இல்லை. முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது.

மூக்கையா கேட்டார். "சொல்லுப்பா. கை பட்டு விழுந்துச்சா, தானா விழுந்துச்சா?"

"தானாத்தான். உப்புக் காத்துல இயற்கையா அரிச்சிருக்கு."

"ஏலே குருநாதா," என்றாள் சேதுலட்சுமி, "நீ சொரண்டினியே? ஒவ்வொரு பொங்கலுக்கும் சொரண்டினியே? நாந்தானே முந்தானையில பிடிச்சேன்?"

"அதால ஒண்ணும் ஆகாதுக்கா. புத்தகத்துலயே எழுதியிருக்கேன்."

"புத்தகத்த விடு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவர் இரும்பைப் பார்த்தபடியே சொன்னார். "தானா விழுந்ததுதான்."

விஞ்ஞானத்தில் அதற்கு யாரும் குற்றவாளி இல்லை என்று பொருளாம். மாவிலங்கேந்தலில் என்ன பொருள் என்பது, அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியாதா? பூமிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லலப்பா. கருப்பரே சொல்லிட்டாரு. கூடப் பொறந்தவனும் சொல்லிட்டான்" என்றார். மஞ்சள் தடவிய வேட்டி சேதுலட்சுமியின் கக்கத்திலேயே இருந்தது. பிறகு அதை வாசல் துடைக்கத்தான் வைத்திருந்தாள்.

விழுந்த இரும்பைக் கடலில் போடுவது வழக்கம். தனக்கு வேண்டும் என்று குருநாதன் கேட்டார். தரித்திரம் தொலைந்தது என்று மூக்கையா கொடுத்துவிட்டார். எதற்காகக் கேட்டார் என்பதில் எங்கள் தெருவில் இரண்டு கட்சி. பாடம் நடத்த என்றது ஒரு கட்சி. வேறு யார் கண்ணிலும் படாமலிருக்க என்பது என் கட்சி.

காடு பூமிநாதனுக்குப் போனது. சேதுலட்சுமி கூலிக்கு மிளகாய் பறித்தாள், பக்கத்துக் காடுகளில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு. குருநாதன் அனுப்பிய மணியார்டர்களைத் தபால்காரர் கையிலேயே திருப்பிவிட்டாள். நாக்கில் மட்டும் மிளகாயை வைத்துக்கொண்டாள். யாராவது மோட்டார் பேச்சை எடுத்தால் போதும், அவர்களுடைய மூன்று தலைமுறைக் கதையும் வெளியே வரும். ஆகவே முகத்துக்கு நேரே யாரும் எடுப்பதில்லை.

சில வருஷம் கழித்து பூமிநாதன் அந்தக் காட்டை ஓர் அறக்கட்டளைக்கு விற்றார். மெயின் ரோட்டோரம், பக்கத்தில் கிணறு, இன்ஜினியரிங் கல்லூரி கட்ட அதைவிடத் தோதான இடம் ஏது? கட்டி முடித்ததும், ஜில்லாவிலேயே பேர்பெற்ற ஆளைத் தேடினார்கள். குருநாதன் முதல்வராக வந்து இறங்கினார். எந்த இடத்தில் கல்லூரி என்று வந்து பார்க்கும்வரை தெரியாது என்றார். நாங்களும் அப்படியா என்றோம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்கே நாக்கு அழுகிவிடும். வாத்தியார் என்றால் அப்படி ஒரு வாத்தியார் கிடைக்க மாட்டார். மாடு மேய்த்தவன் பிள்ளையும் பனையேறி பிள்ளையும் அவரிடம் படித்துக் கப்பல் கட்டும் கம்பெனிக்கெல்லாம் போனார்கள். உடைந்த ஏர்க்கொழு, திருப்பாலைக்குடி வள்ளத்து நங்கூரம், அறுந்த சைக்கிள் செயின் என்று வண்டி வண்டியாய்க் கொண்டுவந்து லேபில் அடுக்கினார். ஒவ்வொன்றையும் பிள்ளைகள் கையில் கொடுத்து, "எங்க முறிஞ்சதுன்னு குருடனுக்கும் தெரியும். எங்க ஆரம்பிச்சதுன்னு பாரு" என்பாராம். நோட்ஸ் கொடுக்க மாட்டார். புத்தகத்தில் இருப்பதைச் சொன்னால் மார்க் கிடையாது, இரும்பில் இருப்பதைச் சொன்னால்தான் மார்க். தன் புத்தகத்தையும் சேர்த்துத்தான் சொன்னாரா என்று யாரும் கேட்டதில்லை.

அந்த லேபின் நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள், கூத்தையா அரிவாள். கீழே அட்டையில் ஆங்கிலத்தில் 'இயற்கைத் துரு, ராமநாதபுரம் கடற்கரை' என்று எழுதியிருந்தது.

சேதுலட்சுமி அந்தக் கல்லூரியிலேயே கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். தம்பி சிபாரிசில் இல்லை, கான்ட்ராக்டர் மூலமாக. குருநாதன் பதறிப்போய் வீட்டுக்கு வந்து, குவார்ட்டர்ஸில் தங்களோடு வந்து இருக்கும்படி கெஞ்சினார்.

"நான் எங்கயும் அடுத்தவுக இடத்துக்குப் போகல" என்றாள். "என் காட்டுக்குத்தானே போறேன்? நீதான் என் காட்டுல வேலை பாக்குற."

அதன்பின் வருஷக்கணக்காய் இதுதான் காட்சி. முதல்வர் காரில் இறங்குவார், அக்காள் விளக்குமாறோடு ஒதுங்கி நிற்பாள். அவர் குனிந்துகொண்டே படியேறுவார். அவள் குனிய மாட்டாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அவருக்கு அறுபது வந்தது. ஓய்வு பெறும் வருஷமும் அதுதான். கடைசியாக அவர் நடத்திய லேப் பரீட்சையில், ஆளுக்கொரு உடைசலை அவரவர் இஷ்டப்படி எடுத்து, காரணம் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பெட்டியை அதுவரை யாரும் எடுத்ததில்லை. விடைதான் அட்டையிலேயே இருக்கிறதே. எங்கள் தெரு ராமலெட்சுமி மட்டும் அதைக் கேட்டாள். மாவிலங்கேந்தல் என்று ஊர்ப் பேர் வெட்டியிருந்த இரும்பைக் கையில் எடுத்துப் பார்க்க ஆசை அவளுக்கு. அவ்வளவுதான், வேறு நோக்கமில்லை. அவள் பிறந்ததே அது விழுந்த பிறகுதான்.

அவர் தயங்கித்தான் பெட்டியைத் திறந்தாராம். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சார், அட்டை தப்பு சார். இது தானா அரிச்சதில்ல. கழுத்தச் சுத்தி ரெண்டு விரல் அகலத்துக்குப் பட்டை மாதிரி போயிருக்கு. மேல கீழ ரெண்டு பக்கமும் ஓரம் நேரா இருக்கு. மத்த இடத்துல எல்லாம் பழைய துரு பொருக்குக் கட்டி இரும்பக் காப்பாத்தி வச்சிருக்கு. இந்த எடத்துல மட்டும் யாரோ பொருக்கப் பேத்துக்கிட்டே இருந்திருக்காங்க. புண்ண ஆற விடல. இயற்கைக்கு ஸ்கேல் வச்சுக் கோடு போடத் தெரியாது சார்."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கதவுக்கு வெளியே வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த சேதுலட்சுமியைப் பார்த்தார். அப்புறம் வகுப்பைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினார். இவள் சொன்னது சரி. சுரண்டியது நான்தான். ஆண்டுதோறும் ஒரே இடத்தில். பழைய துரு பாதுகாக்கும் என்று கண்டுபிடித்தவனே அதைப் பெயர்த்தும் எடுத்தேன். முறிந்த அன்றே எனக்குத் தெரியும். அன்று நான் சொன்னது பொய்.

பின்பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் கையைத் தூக்கி, "சார், இது செமஸ்டருக்கு வருமா?" என்று கேட்டானாம்.

ராமலெட்சுமிக்கு முழு மார்க். அவள் நேரே வராந்தாவுக்கு வந்தாள்.

"பெரியம்மா, சார் ஒத்துக்கிட்டாரு. தான் சொரண்டினதாலதான் அரிவாள் முறிஞ்சுச்சுன்னு அவரே சொல்லிட்டாரு."

சேதுலட்சுமி துடைக்கிற துணியை வாளியில் முக்கினாள். "என்ன பாசையில சொன்னான்?"

"இங்கிலீஷுல."

"கோயில்ல எந்தப் பாசையில சொன்னான்?"

அந்தக் கேள்வி சிலபஸில் இல்லை.

அறுபதாம் கல்யாணத்துக்கு உத்தரகோசமங்கைக் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் ஏற்பாடு. முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மற்றதை நாத்தனார் போட வேண்டும், நாத்தனார் விளக்கும் பிடிக்க வேண்டும். இருபது வயதில் கட்டினாலும் அறுபதில் கட்டினாலும் முறை அதுதான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பட்டுச்சேலையோடு குருநாதன் அக்காள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நான் வாரேன்" என்றாள் சேதுலட்சுமி. "விளக்கும் பிடிக்கிறேன், முடிச்சும் போடுறேன். ஆனா அன்னிக்கு ஊர்க்கூட்டத்துல சொன்னேல்ல, அதே ஊரு முன்னாடி, அதே வாயால, தமிழ்ல சொல்லணும். எதால விழுந்துச்சுன்னு. இரும்ப நான் கொண்டு வாரேன். கருப்பர் கோயில்ல நட வேண்டியது ஒன் கை."

"காடுதான் போயிருச்சேக்கா. இப்பப் போயி நட்டு என்ன ஆகப்போகுது?"

"காட்ட எவன்லே கேட்டான்? எனக்கு ஒரு பேரு இருந்துச்சு. அத நட்டு வையி."

"அத இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு இருக்கு. பக்கத்து வீட்டுக்காரிக்கு இருக்கு. சுவத்துக்கு அங்கிட்டு நின்னு கேட்டுக்கிட்டு இருக்கா பாரு, வேணும்னா கேளு."

நான் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்தேன். சுவரோரத்தில்தான் வெயில் நன்றாக விழும்.

குருநாதன் தாம்பாளத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கடைசியில், "சொல்றேன்க்கா" என்றார். "சத்தியமா சொல்றேன்." அவள் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். அதையும் வெங்காயம் என்றாள்.

விசேஷத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பெரிய பெரிய கம்பெனிகளில் இருக்கிற பழைய மாணவர்கள், அவருடைய முறையை இன்னும் கையாளுகிற துறைகளின் அதிகாரிகள். அவர்களுக்கு நடுவில் பட்டுச் சட்டை போட்ட பூமிநாதன். சேதுலட்சுமி தம்பி கொடுத்த சேலையைக் கட்டி, கையில் விளக்கும் தோளில் மஞ்சள் பையுமாக மணவறைக்குப் பக்கத்தில் நின்றாள். பைக்குள் நீளமாய் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை லேப் பெருக்கும்போது எடுத்து வந்துவிட்டாள். பெட்டிக்குப் பூட்டும் கிடையாது.

தாலி கட்டுவதற்கு முன் இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று மைக்கை வாங்கினார். தன் வாத்தியார்களைப் பற்றிப் பேசினார், தமிழில். மெட்ராசில் பட்டினி கிடந்ததைப் பேசினார், தமிழில். இரும்புக் கருவாட்டுக் கதையைச் சொன்னார், மண்டபமே சிரித்தது. பிறகு, "என் அக்கா..." என்று ஆரம்பித்தார். குரல் இறங்கிவிட்டது. சேதுலட்சுமி விளக்கை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அவர் அக்காளைப் பார்த்தார். முன்வரிசையைப் பார்த்தார். மறுபடியும், "என் அக்காவுக்கு..." என்றார். அதற்கு மேல் தமிழ் வரவில்லை. கடகடவென்று ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆங்கிலத்துக்குக் கை தட்டுவது எங்கள் பக்கத்து மரியாதை. பூமிநாதன்தான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார்.

சேதுலட்சுமி ராமலெட்சுமியைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன சொன்னான்?"

"வாழ்க்கையில... வாழ்க்கையில சில விசயத்துக்காக வருத்தப்படுறாராம் பெரியம்மா. உங்க அன்புக்குக் கடன்பட்டிருக்காராம்."

"எந்த விசயம்னு சொன்னானா?"

"இல்ல பெரியம்மா."

சேதுலட்சுமி விளக்கைத் தரையில் வைத்தாள். எரியத்தான் விட்டாள், அமர்த்தவில்லை. பையிலிருந்து இரும்பை எடுத்து, சீர்த்தட்டுகளுக்கு நடுவில், ஆப்பிளுக்கும் வெள்ளிக் குத்துவிளக்குக்கும் இடையில் கிடத்தினாள். "அம்மா, கொஞ்சம் இங்கிட்டுப் பாருங்க" என்று போட்டோக்காரர் சொன்னார். அவள் பார்க்கவில்லை. நடு வழியாக நடந்து போய்விட்டாள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அப்படி ஒதுங்குவது எங்களுக்குப் பழக்கம்தான்.

ஐயர் முகூர்த்தம் போகிறது என்று அவசரப்படுத்தினார். பூமிநாதனின் தங்கை ராக்கு முந்தி வந்து விளக்கைத் தூக்கினாள். பங்காளி வீட்டுப் பெண்ணும் நாத்தனார்தானே, அவளே முடிச்சும் போட்டாள். குருநாதன் ஆசீர்வாதம் பண்ணிய நேரம் முழுக்க அந்தத் தட்டின் பக்கம் திரும்பவே இல்லை. நாங்கள் சாப்பிட்டோம். பாயசம் இரண்டு வகை.

திங்கட்கிழமை இரும்பு மறுபடி கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விட்டது. அதே அட்டை, அதே எழுத்து. இப்போது பூட்டு மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். கல்லூரிச் சொத்தை அனுமதியில்லாமல் வெளியே எடுத்துப் போனதற்காகச் சேதுலட்சுமியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். முதல்வர் ஓய்வு பெற இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த உத்தரவு தன் பார்வைக்கே வரவில்லை என்று அவர் சொன்னதாகக் கேள்வி. நாங்கள் அப்படியா என்றோம்.

சாயந்திரம் அவள் என் வீட்டுக் கொல்லைக்கு வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக வருகிறவள் இல்லை. நான் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"ஏன் மதினி, நீ பாட்டுக்கு வந்துட்டியே? அது உங்க அய்யா நட்ட இரும்பு, எனக்காக நட்டதுன்னு ஆபீசுல சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"சொல்லலாம்" என்றாள். "எந்தப் பாசையில சொல்ல?"

என் முறத்தை இழுத்துத் தன் மடிப்பக்கம் வைத்துக்கொண்டு, அவளும் காம்பு கிள்ள ஆரம்பித்தாள். சுவருக்கு அங்கிட்டு, அவள் காட்டில், கல்லூரி விடுகிற மணி அடித்தார்கள்.